பத்தாவது புள்ளி

ஒரு குப்பிக்குப் பத்துப் பேர்.
மூடியில் ஊசி இறங்கிய நிமிடத்திலிருந்து
நாலு மணி நேரம்.
பிறகு அது மருந்தில்லை,
மஞ்சள் பையில் போகிற தண்ணீர்.

தை மாதம் பள்ளத்தூர் ஆஸ்பத்திரிக்கு
முதல் பெட்டி வந்தபோது
பட்டியலில் முதல் பெயர் ராக்கு.
வார்டு கழுவுகிறவள்.
வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:
"தண்ணிக் குழாயில கடைசி,
கோயில் சோத்துல கடைசி,
இதுக்கு மட்டும் என்னைய முன்னாடி கூப்பிடுறீக,
எதுக்கு சிஸ்டர்?"

எனக்குக் கொடுத்த கையேட்டில்
காய்ச்சலுக்குப் பதில் இருந்தது,
கைவலிக்குப் பதில் இருந்தது.
டாக்டரிடம் என் கையை நீட்டினேன்.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்து
அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல்
அரைமணி நேரம் என் முகத்தையே பார்த்தாள்.
பொங்கவில்லை.
சரி, குத்துங்க என்றாள்.
அன்றைக்கு மொத்தம் நாலு பேர்.
ஆறு பேர் மருந்தைக் கொட்டிவிட்டு
'வீணானது' என்ற கட்டத்தில் ஆறு என்று எழுதினேன்.

சித்திரையில் அதே ஊர் வேறு ஊர்.
விடியுமுன்னே வாசலில்
செருப்பும் செங்கலும் தூக்குவாளியும்
ஆளுக்குப் பதிலாக வரிசையில் நின்றன.
ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்று
டீக்கடையில் சத்தியம் செய்த பூமிநாதன்
முப்பத்தோராம் டோக்கனுக்குச்
சட்டையைக் கிழித்துக்கொண்டான்.
போன் ஓயவில்லை.
"நம்ம வட்டகையில பெரிய புள்ளிம்மா,
பார்த்துச் செய்யுங்க."

இந்தப் பக்கம் புள்ளி என்பது சும்மா சொல் இல்லை.
நகரத்தார் கோயில் கணக்கில்
கட்டியவனும் கட்டிக்கொண்டவளும் சேர்ந்து ஒரு புள்ளி.
புள்ளிக்கு இவ்வளவு என்று வரி.
என் கணக்கிலும் புள்ளிதான்:
தோளில், அரைக் கடுகு அளவு,
பஞ்சை எடுத்தால் ஒரு பொட்டு ரத்தம்.
அதில் பெரியது சின்னது
இதுவரை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை, கடைசிக் குப்பி.
பன்னிரண்டு பத்துக்குத் திறந்தது.
ஒன்பதாவது ஆள் எழுந்ததும்
டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:
"ஒண்ணு இருக்கட்டும். கார் கிளம்பிருச்சாம்."
தீர்ந்துபோச்சு, வீட்டுக்குப் போங்க
என்று வரிசையிடம் சொன்னது
நான்தான். என் வாயால்.

மூன்று ஐம்பது. கார் இல்லை.
நாலு. போனை எடுக்கவில்லை.
நாலு ஐந்துக்கு வாசலில் எட்டிப் பார்த்தேன்.
யாரோ மறந்த ஒரு செங்கல்,
அதைத் தாண்டி மூக்கன்.
கையுறை கேட்டு வந்திருந்தான்.
சுடுகாட்டில் அந்த வாரம் பதினேழு.
முன்களம் என்று அரசாங்கம் எழுதிய எதிலும்
அவன் பெயர் இல்லை.
போன் கிடையாது, என் நம்பரைப் போட்டேன்.
தோளில் படிந்த சாம்பலை
இரண்டு பஞ்சு துடைத்தும் தீரவில்லை,
மூன்றாவதில்தான் தோல் தெரிந்தது.
"வலிக்குமா?" என்றான்,
பதினேழு பேரை எரித்தவன்.

நாலு இருபதுக்குக் கார் வந்தது.
இறங்கியவர் பெரிய புள்ளி இல்லை.
அவர் தம்பி நாச்சியப்பன், ஐம்பது தாண்டாது,
மதுரையில் டயாலிசிஸ் முடித்து நேரே வருகிறார்.
இடது கைக் கட்டில் ஈரம் காயவில்லை.
கேட்காமலே வலது கைச் சட்டையை மடித்துவிட்டு
பெஞ்சில் உட்கார்ந்தார்.
மூக்கன் எழுந்து நிற்கவா என்பதுபோல்
என்னைப் பார்த்தான்.
உட்காரு, அரைமணி ஆகவில்லை என்றேன்.

திங்கட்கிழமை வாங்க என்றேன் அவரிடம்.
திங்கட்கிழமை பெட்டி வரும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
அவர் தலையாட்டினார்.
மடித்த சட்டையை
ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து இறக்கினார்.

வீணானது: பூஜ்யம்.

மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து
சட்டம் போட்ட பாராட்டு வந்தது,
சேதாரமே இல்லாத நிலையம் என்று.
ராக்கு ஆணியும் சுத்தியலுமாக நிற்கிறாள்.
எங்கே அடிக்க என்கிறாள்.